அசைந்த பெட்டி

நீங்கள் ஏற முடியாமல் திரும்பிய படியில் உங்கள் அயல்வீட்டுப் பிள்ளை ஏறிப் போகிறாள் என்றால், உங்கள் நெஞ்சு உண்மையாகவே குளிருமா? பிறருக்குச் சொல்ல வேண்டாம். உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொண்டு மேலே படியுங்கள்.

“பெட்டியை அசைச்சது ஆர்?”

சிவனேஸ்வரியின் கொட்டில் வீட்டு வாசலில் நின்றபடி இலட்சுமி போட்ட சத்தம், தர்மபுரம் வாய்க்காலின் கடைசி வயல் வரைக்கும் கேட்டிருக்கும்.

தாயின் பின்னால் நின்றாள் விமலேஸ்வரி. பெட்டி அவளுடையது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பரீட்சை தேறி, புவியியற் சிறப்புப் பட்ட வகுப்புக்குத் தெரிவாகியிருந்தாள் அவள். திங்கட்கிழமை காலை நேரிற் சென்று பதியாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அன்று சனிக்கிழமை; அன்றே ரயிலேற வேண்டும். சனியோ பயணத்துக்கு ஆகாத நாள் என்றிருந்தார் சாத்திரியார். ஆகவே, புதன்கிழமை நல்ல நேரத்தில் அவளுடைய பழைய றங்குப் பெட்டியைத் பயணத் திசையான தெற்கேயுள்ள அயல்வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். பெட்டி வெளிக்கிட்டால் ஆளும் வெளிக்கிட்டது போலத்தான் என்பது அவர்களின் வழக்கம். ஆனால் பயணி வந்து தூக்கும் வரை அதை ஒருவரும் அசைக்கக் கூடாது.

தெற்கே இருந்தது சிவனேஸ்வரியின் வீடு ஒன்றுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே சிறப்பு வகுப்பிற் சேர்ந்தவள் அவள். சேர்ந்த மாதமே தகப்பன் பாம்பு தீண்டி இறந்துவிட்டார். படிப்பை விட்டு வந்து, படுக்கையிற் கிடக்கும் தாயையும் வயலையும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான் மாமி மாத்தி வைச்சனான்,” என்றாள் சிவனேஸ்வரி.

“ஏன்?”

“புதன் ராவு மழை பெய்தது…”

“மழை ஊருக்கெல்லாந்தான் பெய்தது! ஒழுகினால் ஒரு குரல் குடுக்கிறதுக்கென்ன? வேலிக்கு அங்காலதானே இருக்கிறம்?”

சிவனேஸ்வரி நகர்ந்து, கொட்டிலின் மூலையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“திரும்பி வந்தவளின்ர வீட்டில வையாதை எண்டு ஊரே சொன்னது, நான்தான் கேக்கேல்லை. தனக்குக் கிடையாதது என்ர பிள்ளைக்கும் கிடையக் கூடாது எண்டு நினைச்சிட்டாய், என்ன?”

“இலட்சுமி, வாயைப் பொத்து!” என்று அதட்டினார் தகப்பன் மயில்வாகனம். ஆயினும் அவர் முகமும் இருண்டுதான் போயிருந்தது. மகளிடம் திரும்பினார். “பிள்ளை, எனக்கும் மனம் ஒப்பேல்லை. வியாழக்கிழமை நல்ல நாள். அண்டைக்குப் போவம்.”

“ஐயா! திங்கட்கிழமை பதியாட்டி இடம் போயிடும்!”

“போனால் போகட்டும். சாதாரணப் பட்டம் எடன். அதுக்கு ஒரு வருசம் குறைவுதானே.”

விமலேஸ்வரியின் கண்கள் நிறைந்தன. கண்ணீரை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

“உண்மையைச் சொல்லுங்கோ அக்கா. ஏன் அசைச்சனீங்கள்?”

சிவனேஸ்வரி மயில்வாகனத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

“மாமா, என்ர பெட்டியை ஒருதரும் அசைக்கேல்லை. நான் திரும்பித்தானே வந்தனான்?”

மயில்வாகனம் பெட்டியைப் பார்த்தார்.

“கோச்சிக்கு நேரமாகுது. பிள்ளையை அனுப்புங்கோ. கையெடுத்துக் கும்பிடுறன்.”

அவர் வாசலை விட்டு ஒதுங்கி, மகளுக்கு வழிவிட்டார். பிறகு, “தூக்கு பிள்ளை,” என்றார்.

விமலேஸ்வரி உள்ளே போய்க் குனிந்தாள். கல் அடுக்கி உயர்த்திய பலகையொன்றின் மேல் இருந்தது பெட்டி. அதில் ஓர் ஈரத்துளி இல்லை. கீழே தரையோ இன்னும் சேறாய்க் கிடந்தது.

அந்தப் பலகையை அவளுக்குத் தெரியும். அது விதைநெற் சாக்கு வைக்கிற பலகை.

சாக்கு எங்கே?

திரும்பினாள். புதன்கிழமை அவர்கள் பெட்டி வைத்துவிட்டுப் போன அதே மூலையில், பிய்ந்த கூரைக்கு நேர்கீழே, அது ஊறிப் பருத்துக் கிடந்தது. சணலின் கண்களுக்கூடாக வெள்ளை வெள்ளையாய் முளைகள் எட்டிப் பார்த்தன.

“அக்கா… விதைநெல்…”

“சத்தம் போடாதை. வெளிக்கிடுற நேரத்தில அழிவுக் கதை கூடாது.” சிவனேஸ்வரியின் குரல் தாழ்ந்தது. “அம்மாவின்ர கட்டிலையும் இந்தப் பலகையையும் விட்டால் நனையாத இடமில்லை. ரெண்டையும் பலகை தாங்காது. பெட்டியைத் திருப்பி உங்கட வீட்டை கொண்டந்தால் பயணம் முறிஞ்சதாப் போயிடும். உங்களைக் கூப்பிட்டிருந்தால் பெட்டி அசைஞ்சது தெரிஞ்சு அண்டைக்கே மறிச்சிருப்பினம். உன்ர புத்தகம் நனைஞ்சால் நீ என்னடி செய்வாய்?”

இலட்சுமி அந்தச் சேற்றிலேயே குந்திவிட்டாள். “என்ர பிள்ளை…” என்றாள். அவள் பார்த்தது விமலேஸ்வரியை அல்ல.

விமலேஸ்வரி கண்களைத் துடைத்துக்கொண்டு தகப்பனிடம் திரும்பினாள்.

“ஐயா, அம்மா என்னோட ரயிலடிக்கு வருவா. நீங்கள் வரவேண்டாம். எங்கட வயல் கிடக்கட்டும்; அக்கான்ர வயலில மாட்டை இறக்குங்கோ. பக்கத்து வயல் வீரகத்தி அண்ணையையும் அவற்ர மாட்டுச் சோடியோட கூப்பிடுங்கோ. முளைச்ச நெல் நாளைக்குக் காத்திராது. இண்டைக்கே விதையுங்கோ ஐயா!”

அன்பரே, உங்கள் புத்தகம் நனையாதிருக்கத் தன் விதையை நனைய விட்ட ஒருவர் உங்கள் அயலிலும் இருப்பார். அவரும் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார். நல்ல நாள் பார்த்துக்கொண்டிராதீர்கள். எழுந்து போய் அந்த வீட்டு மூலையைப் பாருங்கள். இன்றைக்கே போங்கள்.