காய்ச்சல் லீவு

"மேடத்தால ஊர் ஊரா அலைய முடியுமாப்பா?" என்று பெரியவர் கேட்டார்.

மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் சின்ன பார்ட்னரின் முகத்தைப் பார்த்தார்கள். மேடத்தைப் பற்றி எது என்றாலும் அவரைத்தான் கேட்பார்கள்.

ஆடிட்டர் அலுவலகத்தில் பார்ட்னர் நாற்காலி ஒன்று காலியாகியிருந்தது. இதை விட்டால் அடுத்த நாற்காலி காலியாகப் பெரியவரே ஓய்வு பெற்றால்தான் உண்டு. பெரியவரோ இப்போதைக்கு அசைகிற மாதிரி இல்லை.

போட்டியில் இரண்டு பேர். ஒருவர் சீனியர் மேனேஜர் மேடம். இன்னொருவர் அவருக்கு வெகுகாலம் பின்னால் சேர்ந்தவர். எதைச் சொன்னாலும் தலையாட்டுவதால் 'ஆமாம்சார்' என்று பெயர் வாங்கியவர்.

மேடத்தின் வேலையில் யாருக்கும் குறை இல்லை. ஒரு தொழிற்சாலையில் சரக்கு இருப்பைச் சரிபார்க்கப் போனபோது, அடுக்கி வைத்திருந்த பெட்டிகளில் பின்வரிசை முழுக்கக் காலி என்று ஏணி போட்டு ஏறிக் கண்டுபிடித்தவர் அவர். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் சின்ன பார்ட்னர். பாராட்டும் அவர் கணக்கிலேயே வரவானது. போதாததற்கு, மேடத்தின் நோட்ஸைப் படித்துத்தான் அவர் பரீட்சையையே தாண்டினார் என்பது அலுவலகம் அறிந்த கதை.

ஆகவே கேள்வி வேலையைப் பற்றியது அல்ல. வீட்டைப் பற்றியது.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே மேடம் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து, "கொஞ்சம் உள்ள வாங்க" என்று கூப்பிட்டால் முடிந்தது.

சின்ன பார்ட்னர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கஷ்டம்தான் சார். குழந்தைக்குக் காய்ச்சல்னு போன மாசம்கூட ஒரு வாரம் லீவு போட்டாங்களே."

சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

"பாவம்" என்றார் பெரியவர்.

அந்த ஒரு வார்த்தையோடு காரியம் முடிந்தது. பாவம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. நல்ல வசதி அது.

ஆமாம்சாருக்கும் சமீபத்தில்தான் குழந்தை பிறந்திருந்தது. பொறுப்பு வந்துவிட்டது என்று ஒரு பார்ட்னர் அதையும் அவருக்குச் சாதகமாகச் சேர்த்தார். யாரும் சிரிக்கவில்லை. சின்ன பார்ட்னர் மட்டும் நெளிந்தார். சில வருடங்களுக்கு முன்னால் அவர் அப்பாவானபோதும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் இந்த மேசையில் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் அங்கே இருந்தவர்கள் யாரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வங்கியில் இவ்வளவு இருக்கிறது என்று ஒரு கம்பெனி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். அந்த வங்கிக்கே நேரடியாகக் கடிதம் போட்டு, பதில் தங்கள் கைக்கு வந்த பிறகுதான் பேனாவைத் திறப்பார்கள். ஒருவருக்காக இன்னொருவர் சொல்வது சாட்சியே ஆகாது என்று, புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் பாடம் எடுப்பவரே சின்ன பார்ட்னர்தான்.

ஆமாம்சாரைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார்கள். சின்ன பார்ட்னரும் கொடுத்தார்.

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. மேடம் இந்த மேசைக்கு வந்துவிட்டால் தன் சரக்கு எவ்வளவு என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்கிற பயம் அடியில் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

மாலையில் அவர் காரை எடுத்தபோது, முன்கதவைத் திறந்து மேடம் ஏறி உட்கார்ந்தார். தினமும் உட்காரும் இடம்தான்.

அலுவலக வாசலைத் தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. அது கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். உள்ளே அவள் மேடம், அவர் சார். வாசலைத் தாண்டினால்தான் புருஷன் பெண்டாட்டி.

வாசலைத் தாண்டியது.

"அலைய முடியுமான்னுதானே கேட்டிருப்பாங்க? நீங்க என்னங்க சொன்னீங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை. அவர் மேல் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருந்தது. காலையில் குளியலறைக்குள் அவள் பாடிக்கொண்டிருந்ததை அவர் கேட்டிருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட பாட்டு.

சிக்னல் பச்சையானது. அவர் சாலையைப் பார்த்தே ஓட்டினார். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பள்ளி வாசலில் மகள் ஓடி வந்து பின்சீட்டில் ஏறினாள். இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி, "அப்பா!" என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

உடம்பு இப்போது சூடில்லை. போன மாதம் அது அனலாய்க் கொதித்த வாரம் முழுக்க, அவர் ஒரு நாள் தவறாமல் அலுவலகம் போயிருந்தார். நடுவில் இரண்டு நாள் வெளியூர் வேலைக்கும் போய் வந்தார்.

உங்களால் அலைய முடியுமா என்று அவரை யாரும் கேட்கவில்லை.