நெட்டையா, அகலமா

அக்காவின் சோபா கடைக்குத் தம்பிதான் விளம்பர வீடியோ எடுப்பான். அன்று காலை எடுத்ததில், ஓரத்துத் தூணை ஒட்டி அக்காவின் கணவர் நின்றுகொண்டிருந்தார். அவர் செத்து ஒரு வருஷம் ஆகிறது.

தம்பி அதை அக்காவிடம் காட்டவில்லை. அக்கா இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியிருந்தாள்.

"நெட்டையாப் போட்டுடலாம்க்கா. போன்ல அதான் எடுபடும்."

"பாதிக் கடை வெட்டுப்படுமேடா. அகலமாவே போடேன்."

"அகலமாப் போட்டா நீயும் நானும்தான் பார்த்துக்கணும்."

இரண்டு பக்கத்தையும் வெட்டினான். தூண் போய்விட்டது. அவர் போகவில்லை. நடுவில் இருந்த சோபாவில் உட்கார்ந்திருந்தார். வீடியோவைப் பதினைந்து நொடியாகக் குறைத்தான். அதிலும் முதல் நொடியிலிருந்தே இருந்தார்.

அக்கா பின்னால் வந்து நின்றது அவனுக்குத் தெரியாது.

"அவருக்கு எப்பவுமே ஓரமா நிக்கப் பிடிக்காது," என்றாள். குரலில் நடுக்கமே இல்லை. "பதினஞ்சு செகண்டு எப்படிடா பத்தும்? ஒரு நிமிஷமாப் போடு."

வேறு வழியில்லாமல் நீட்டி ஓடவிட்டான். கடைசியில் அவர் சோபாவில் சற்று நகர்ந்து, பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் விட்டார்.