ஜன்னலோர மேசை

சாயங்கால வெயில் கண்ணாடி வழியாகக் காலி நாற்காலிகள் மேல் விழுகிறது. வெறிச்சோடிய ஹோட்டலுக்குள் வெளியூர்க்காரர்கள் நுழையத் தயங்குவார்கள் என்று, அதை நடத்தும் சமையல்காரர் ஏப்ரனைக் கழற்றிவிட்டு, மனைவியோடு ஜன்னலோர மேசையில் வாடிக்கையாளர் போல உட்கார்ந்திருக்கிறார். "கொஞ்சம் சிரிச்ச முகமா சாப்பிடுங்க," என்கிறாள் அவள். முதுகுப்பை மாட்டிய ஒரு ஜோடி வாசலில் நிற்கிறது. கதவு கிறீச்சிடுகிறது. அந்தப் பெண் தலையை மட்டும் நீட்டி அவரிடமே ரகசியமாகக் கேட்கிறாள்: "அண்ணா, நீங்க உள்ளூர்தானே? இங்க சாப்பாடு நல்லா இருக்குமா?" மேசைக்கடியில் மனைவியின் கால் அவர் காலை அழுத்துகிறது. தான் சமைத்ததைத் தானே புகழ அவருக்கு நா எழவில்லை. "சுமாரா இருக்கும்மா," என்கிறார். நன்றி சொல்லிவிட்டு அவர்கள் போகிறார்கள். மனைவி நிமிர்ந்து பார்க்காமல், தட்டில் துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடிக்கிறாள்.