பள்ளம் எண்ணும் வேலை

"சார், அவன் என்னைப் பார்த்துக் காப்பியடிக்கிறான்."

பனிநிலாப் பிரிவு அக்கா கதவைக்கூடத் தட்டவில்லை. ஆய்வுக்கூடத் தலைவர் டீயைக் கீழே வைத்தார்.

அக்காவின் வேலை, விண்கலம் அனுப்பிய படங்களில் ஒரு பனிநிலாவின் பள்ளங்களை எண்ணுவது. பள்ளம் கூடினால் தரைக்கு வயது கூடும். ஒருவர் எண்ணினால் செல்லாது. இரண்டு பேர், ஒருவர் படத்தை மற்றவர் பார்க்காமல், பள்ளத்துக்குப் பள்ளம் வட்டம் போட வேண்டும். ஒப்பிடும் நாள்வரை மொத்தம் எவ்வளவு என்று கணினி காட்டாது.

இரண்டாவது ஆளாக வந்து மாட்டியவனுக்கு ஆய்வுக்கூடத்தில் பட்டப்பெயர் புயல். பெரிய கோள்களின் காற்றுமண்டலத்தை ஆராய்கிறவன். வாயும் அப்படித்தான், அடித்தால் ஓயாது.

"எப்பப் பாரு மேஜைமேல கால். 'அக்கா, உங்க நிலாவுக்கு அம்மை போட்டிருக்கு, நாலு நாள் லீவு குடுங்க'ன்னு நக்கல் வேற. ஆனா இன்னிக்கு ஒப்பிட்டா, எனக்கு 412, அவனுக்கு 415. எப்படி சார்? வெள்ளிக்கிழமை அவன் ஒப்பந்தம் முடியுது. புதுப்பிக்காதீங்க."

"பார்க்கிறேம்மா."

எந்த வட்டம் எப்போது, எந்தக் கணினியிலிருந்து விழுந்தது என்பதெல்லாம் பதிவில் இருக்கும். திருட்டைப் பிடிக்க ஐந்து நிமிஷம் போதும் என்றுதான் தலைவர் உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஆனது. புயலைக் கூப்பிட்டார்.

"நீ திங்கட்கிழமையே முடிச்சிட்டே. அக்கா முடிச்சது மறுநாள் சாயங்காலம். அப்ப அவங்க போட்டது 287."

புயல் கூரையைப் பார்த்தான்.

"அடுத்த நாள் காலையில அவங்க படத்துல நூத்தி இருபத்தஞ்சு வட்டம் புதுசா முளைச்சிருக்கு. எல்லாம் பொடிப் பள்ளம். உன் கணினியிலேருந்து."

"கடவுச்சொல்லை மேஜையிலேயே ஒட்டி வச்சிருக்காங்க சார். நான் என்ன பண்ண?"

"விளையாடாதே."

"பொடிசு அவங்களுக்குத் தெரியலை சார். கண்ணுல புரை. சொட்டு மருந்துச் சீட்டையே என்கிட்டதான் படிக்கக் குடுத்தாங்க. அடுத்த மாசம் ஆபரேஷன். அதுக்குள்ள 287 வெளிய வந்தா, எண்ணுற வேலையிலேருந்து அவங்களைத் தூக்கிடுவீங்க."

"இதை நான் அவங்ககிட்ட சொல்லணும். சொல்லலேன்னா காப்பியடிச்சவன்னு உன்னை அனுப்பணும்."

புயல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"காப்பின்னே எழுதிக்குங்க சார். எனக்கு நாலு பெரிய கோள் இருக்கு. அவங்களுக்கு இந்த ஒரு நிலாதான்."