பன்னிரண்டு புள்ளி நான்கு

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தாள். கால்கள் இரண்டும் கார்க் கதவுக்கு வெளியே, தெருவில் நீண்டு கிடந்தன.

மூன்று வயர்கள். மஞ்சள், சிவப்பு, கறுப்பு.

போன மாதம் காரின் முன்கண்ணாடியில் கேமரா மாட்டிக் கொடுத்த கடைக்காரர் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி, நேராக பேட்டரி லைனில் கொடுத்துவிட்டிருந்தார். வண்டி நின்ற பிறகும் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு முறை பேட்டரி இறங்கிப்போனது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றதோடு சரி.

இரண்டு முறையும் கணவருக்குப் பிசியோதெரபி தவறியது.

"பேட்டரி பழசாயிருச்சுங்க. மாத்திப்போடுங்க" என்றார் கடைக்காரர்.

மாற்றி எட்டு மாதம்தான் ஆகிறது.

கேமராவைக் கழற்றிப் போடவும் மனமில்லை. வீட்டில் கார் நிறுத்த இடம் கிடையாது. வாசலை ஒட்டித் தெருவில்தான் நிற்கும். யாரோ இரண்டு தடவை முன் பம்பரை இடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்தில் அவள் உதவியாளர். அங்கிருந்து மல்ட்டிமீட்டரை இரவல் வாங்கி வந்திருந்தாள்.

சாவியை எடுத்த பிறகும் எந்த ஃபியூஸில் மின்சாரம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். உள்விளக்கின் ஃபியூஸில் இருந்தது. அதில் மஞ்சள். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸில் சிவப்பு. பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டைத் தேடிச் சுரண்டி, கறுப்பை அதில் வைத்து இறுக்கினாள்.

இனி வண்டி நின்றுவிட்டது என்பது கேமராவுக்குத் தெரியும். தூங்கிவிடும். எதிரில் ஏதாவது அசைந்தால் மட்டும் விழித்துப் பதியும்.

நடுவில் ஒரு சின்னப் பெட்டி. பேட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அது கேமராவை அணைத்துவிடும். பன்னிரண்டு வோல்ட்டிலும் வைக்கலாம். பன்னிரண்டு புள்ளி இரண்டிலும் வைக்கலாம்.

அவள் பன்னிரண்டு புள்ளி நான்கில் வைத்தாள்.

படம் போனால் போகட்டும். வண்டி கிளம்ப வேண்டும்.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"வயரெல்லாம் நானே மாத்திட்டனுங்க."

அவர் கட்டிலில் படுத்திருந்தார். இருபத்தாறு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். முன்பானால் மீட்டரைப் பிடுங்கித் தானே அளந்து பார்த்திருப்பார். பக்கவாதம் வந்து இது ஐந்தாவது மாதம்.

"ம்" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிகிச்சைக்குப் போனாலும் இப்படித்தான். ஷெரின் என்ற அந்தப் பெண் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு எதிரில் நிற்பாள். "ஒரே ஒரு ஸ்டெப், குழந்தைவேலு சார்." அவர் பிடித்து நிற்கும் கம்பியை விடவே மாட்டார்.

மறுநாள் திங்கள். அதிகாலையில் பால் வாங்கப் போய்விட்டு வந்தாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாலை அடுப்பில்கூட வைக்கவில்லை. மீட்டரை எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினாள்.

பன்னிரண்டு புள்ளி ஐந்து.

சாவியைத் திருப்பினாள்.

ஒரே உறுமலில் கிளம்பியது.

ஸ்டியரிங்கைத் தட்டி, தனக்குத்தானே சிரித்தாள். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

கேமராவைச் செல்போனில் இணைத்தாள். மூன்று பதிவுகள் இருந்தன.

முதலாவதில் ஒரு பூனை. அடுத்ததில் பேப்பர் போடுபவரின் சைக்கிள்.

மூன்றாவது, ஐந்து ஐம்பத்திரண்டு. அவள் பால் வாங்கப் போயிருந்த நேரம்.

படத்தின் ஓரத்தில் வீட்டுக் கதவு திறந்தது.

அவர் வந்தார். ஊன்றுகோல் ஒரு கையில். நிலையைப் பிடித்து, படியில் ஒரு கால், பிறகு இன்னொரு கால். தெருவின் இரு பக்கமும் பார்த்தார். இரண்டடி வைத்து பானட்டைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கினார்.

பானட்டைத் தடவியபடி அந்தப் பக்கம் போனார். திரும்பினார்.

திரும்பி வரும்போது பானட்டிலிருந்து கையை எடுத்தார்.

ஊன்றுகோலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நாலாவதில் உடம்பு ஆடியது. அவள் சீட்டிலிருந்து எழப் பார்த்தாள். படத்தில் அவர் பானட்டைப் பிடித்து நின்றுவிட்டார்.

கண்ணாடிக்கு நேராக முகம் வந்தது. கோணிய வாயோடு, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அதை மறுபடி பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, என்ஜினை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

காபியை வாங்கிக்கொண்டு அவர் கேட்டார். "கேமராவுல எவனாச்சும் சிக்குனானா?"

"ஒரு பூனை சிக்குச்சுங்க."

"வண்டி கெளம்புச்சா?"

"சூப்பரா கெளம்புச்சு."

சாயங்காலம் ஷெரின் கைகளை நீட்டினாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு "முடியலம்மா" என்றார். கூட வந்திருந்த அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

திரும்பி வந்து அவரை வாசலில் இறக்கிவிட்டாள். பிறகு வண்டியில் ஏறி ரிவர்ஸ் போட்டாள். ஓரடி. மூன்றடி. பக்கத்து வீட்டு வேப்பமரம் வரைக்கும் போனாள்.

அவர் நிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அவ்வளவு தூரம் போற? இங்கயே எடங் கெடக்குதே."

"அங்க வெயிலுங்க. இங்கதான் நெழலு."

மணி ஆறேமுக்கால். தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு வாசற்படியிலிருந்து கார் வரைக்கும், தரையைக் கண்ணால் மெல்ல அளந்தார்.