தங்கதுரையின் சிறப்புத் தரிசனம்

"யாரும் எறங்காதீங்க! மறியல்காரன் கையில கோடாலி கீது!"

ரெக்ஸின் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தங்கதுரை கத்தினார். நாற்பது பேரின் திருப்பதி சிறப்புத் தரிசனச் சீட்டுகள் அந்தப் பைக்குள் இருப்பதாகப் புறப்படும்போதே சொல்லியிருந்தார்.

சங்கராபுரம் சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன்மேல் இரண்டு பேர் குந்தி பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அது எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த ஒரு வாரச் சாலை மறியல் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கச்சிராயபாளையத்திலிருந்து வந்த வழியெல்லாம், ஓரமாகத் தள்ளப்பட்ட மரங்கள் இலை கருகிக் கிடந்தன. இந்த மரம் மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது.

"இன்னும் அடங்கல பாருங்க. கோட்டா வேணுமாம், கோட்டா!" என்று தங்கதுரை காறித் துப்பினார். "ரெண்டு மாசம் முன்னாடியே ரிசர்வேஷன் பண்ணிட்டுப் போறவன வழி மறிக்கறானுங்க."

தங்கதுரைக்கு உரக்கடை. வருஷா வருஷம் புரட்டாசியில் பஸ் பிடித்து ஊரைத் திருப்பதிக்கு அழைத்துப் போவார். பெருமாளே தன்னைக் கேட்டுத்தான் நடை திறக்கிறார் என்பதுபோலப் பேசுவார். காணி வைத்திருப்பவர்களுக்கு முன் சீட், கூலிக்காரர்களுக்குக் கடைசி சீட்.

அம்மாசியும் குஞ்சம்மாளும் பேர் கொடுக்க வந்தபோது மேலும் கீழும் பார்த்திருந்தார். "ஸ்பெஷலு தரிசனமா? உங்களுக்கா? தர்ம தரிசனத்துல நின்னா சாமி பாக்க மாட்டாரா?" என்று கேட்டுவிட்டு, பேரை மட்டும் மறக்காமல் எழுதிக்கொண்டார்.

குஞ்சம்மாளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவதாகத் தங்கியவள் தமிழ்மொழி. மூன்று வயசு, பிறந்த முடி இன்னும் இறக்கவில்லை. மலையில் மொட்டை போடுவதாக வேண்டுதல். கைப்பிள்ளையோடு அத்தனை நேரம் க்யூவில் நிற்க முடியாதென்றுதான் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு போகம் கரும்பு வெட்டிய கூலியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள்.

தங்கதுரை மட்டும் இறங்கிப் போய் மரத்தருகே கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"வுட மாட்டானாம். சாயங்காலம் ஆறு மணிக்கு க்யூவுல நிக்கலன்னா சீட்டு செல்லாது. விதி அவ்ளோதான். வூட்டுக்குத் திரும்பலாம்."

"இவ்ளோ தூரம் வந்துட்டு திரும்பறதா?" என்றார் முன் சீட்டிலிருந்த நாராயணசாமி. ஆறு ஏக்கர் கரும்புக்காரர். "அந்தச் சீட்டக் குடு. மணி இன்னா போட்டுக்கீதுன்னு பாக்கலாம்."

"சாமி சீட்டுங்க. வழியில பிரிச்சா தோஷம்."

தோஷம் என்றதும் பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உரம் வாங்கும்போது மூட்டையை இரண்டு தடவை நிறுத்துப் பார்க்கிறவர்கள்தான் எல்லாரும்.

இரண்டு மணி நேரம் போயிற்று. தமிழ்மொழி அழுது ஓய்ந்து தாயின் தோளில் தூங்கிப்போனாள். குஞ்சம்மாள் எழுந்து, யாரையும் கேட்காமல் இறங்கி நடந்தாள்.

"எங்க போற? வெட்டிடுவானுங்க!" என்று கத்திய தங்கதுரை பின்னாலேயே ஓடினார்.

அவள் மரத்தின் முன்னால் போய் நின்றாள். "ஏம்ப்பா, நீங்க கேக்கறது நியாயந்தான். எங்க ஜனமும் படிக்கணும்னுதான் நானும் நெனைக்கறேன். இந்தப் புள்ளைக்கு முடி எறக்கணும். ரெண்டு புள்ளைய வாரிக் குடுத்துட்டு நிக்கறேன். கொஞ்சம் வழி வுடுங்க."

கோடாலிக்காரன் பீடியைக் கீழே போட்டான். குழந்தையைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"நேரந்தான் போயிட்ச்சே! இனி போயி இன்னா பண்ணப் போற?" என்றார் தங்கதுரை.

"ஸ்பெஷலு போனா போவுது. தர்ம தரிசனத்துல நிக்கறோம். ஒரு நாள் ஆனாலும் நிக்கறோம். நீங்கதான சொன்னீங்க, அங்கயும் சாமி பாப்பாருன்னு."

அவள் எரிச்சலோடு சொல்லவில்லை. நிஜமாகவே நம்பித்தான் சொன்னாள். குழந்தையை ஒரு கிழவியிடம் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மரத்தில் தோளைக் கொடுத்தாள். அம்மாசி ஓடி வந்தான். கடைசி சீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். நாராயணசாமி கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவரும் இறங்கினார்.

"வேணாங்க! இது சகுனத் தட! பெருமாளே வர வேணான்றாரு!" என்று தங்கதுரை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்தார். வேர்வை அவர் நாமத்தைக் கரைத்து மூக்கு நுனியில் கொண்டுவந்து விட்டிருந்தது.

"கோவிந்தா!" என்று ஒரு குரல். மரம் புரண்டது. இன்னொரு "கோவிந்தா!" அது ஓரத்துப் பள்ளத்தில் போய் விழுந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். குஞ்சம்மாள் குழந்தையை வாங்கி முத்தமிட்டாள்.

கோடாலிக்காரன் ஒன்றும் புரியாதவனாக வழியையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தங்கதுரையிடம் வந்து, இன்ஜின் சத்தத்துக்கு மேல் பணிவாகக் கத்தினான்:

"அண்ணே, நீங்க வெட்டச் சொன்ன மரத்த நவுத்திட்டாங்களே, இன்னொண்ணு வெட்டிப் போடட்டுங்களா?"