பதினான்கு மீட்டர்

கேட்டா என்ற ஊரின் கடற்கரையில் எந்த வீட்டைக் கடல் எப்போது கொண்டுபோகும் என்று அளந்து சொல்வது செடினாமின் வேலை. வீட்டுக்கும் கடலுக்கும் உள்ள தூரத்தை வருடாவருடம் சிவப்பு பெயிண்டால் சுவரில் எழுதுவாள். எல்லா வீட்டிலும் எண் குறைந்துகொண்டே வந்தது. சில வீடுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன.

மீனைப் புகையில் வாட்டி விற்கும் அமெயோவின் வீட்டில் மட்டும் நான்கு வருடமாகப் பதினான்கு மீட்டர்தான். கரையோ இந்த வருடம் மட்டும் ஒன்பது மீட்டர் உள்ளே வந்திருந்தது.

"டேப் கெட்டுப்போச்சு போல, அக்கா."

"டேப்பைத் திட்டாத. வேப்பமரத்தைப் பாரு," என்றாள் அமெயோ, மீனைத் திருப்பியபடியே.

முதல் வருடம் வீட்டுக்குப் பின்னால், அந்த மர நிழலில்தான் செடினாம் சாப்பிட்டாள். இப்போது மரம் வாசலுக்கு முன்னால், கடலோரம், வேர் தெரிய நின்றது. சுவரில் ஒரு விரிசல்கூட இல்லை.

"இது எப்போ நகருது?"

"யாரு கண்டா? காலையில கதவைத் திறந்தா படி நகர்ந்த இடத்துல ஒரு விரல் அகலத்துக்குப் புது மணல் கிடக்கும். அதையும் சேர்த்துக் கூட்டுவேன்."

செடினாம் பின்பக்கம் போனாள். அங்கே காயல். போன வருடம் அதன் தண்ணீர் வரை இருபத்து மூன்று மீட்டர் இருந்தது. டேப்பை இழுத்துப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் எவ்வளவு, தங்கச்சி?"

"அங்கேயும் பதினாலுதான்."

அமெயோவின் கை நின்றது.

"அதான் பார்த்தேன். மூணு நாளா புது மணலைக் காணோம்."